பன்னிரண்டு அடி விஞ்ஞானி

1

சென்ற வாரம் தபால்காரர் கதவைத் தட்டி, "செல்வராசு என்பது யார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதில் குடும்பப் பெயர் கோவிந்தன் என்று இருந்தது. மனிதர் என்னை ஒருமுறை, அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, கடிதத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இதை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்குவது சுலபம். ஜெர்மன்காரர்களுக்கு விளக்குவதுதான் பெரும்பாடு. என் பெயர் செல்வராசு, அப்பா பெயர் கோவிந்தன், மனைவி பெயர் தேன்மொழி. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? எனக்கு அப்பா பெயரைப் போட்டோம். தேன்மொழிக்கு என் பெயரைப் போட்டோம். கட்டம் நிரம்பியது, வேலை முடிந்தது என்று பெரம்பலூரில் ஆளுக்கொரு கரும்புச்சாறு குடித்துவிட்டு பஸ் ஏறினோம்.

பத்து வருடமாக அதன் பலனை அனுபவிக்கிறோம். அப்பா காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது, ஜெர்மன் அரசு அவர் பெயருக்கு இன்னும் வரிக் கடிதம் அனுப்புகிறது. என் மனைவியை டாக்டர் செல்வராசு என்கிறார்கள். மகள் நிலாவும் செல்வராசுதான். அவள் பள்ளியில் சேர்ந்தபோது ஆசிரியை என்னைத் தனியாக அழைத்து, "திரு. கோவிந்தன், நீங்கள் நிலாவின் இரண்டாவது அப்பாவா?" என்று பரிவோடு கேட்டிருக்கிறார். எனக்கு ஜெர்மன் புரியாத சமயம். புரியாவிட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவது என் வழக்கம். அப்படிச் சொல்லித்தான் ஒரு வருடம் முழுக்கக் குதிரை வளர்ப்போர் பத்திரிகை வீட்டுக்கு வந்தது. அந்த ஆசிரியை அதற்குப் பிறகு, வேறொருவர் பிள்ளை மேல் இவ்வளவு பாசமா என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் நெகிழ்ந்து போனார்.

இதே பெயர்க் குழப்பம்தான் போன மாசி மாதம் என்னை எங்கள் ஊரான செந்துறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பன்னிரண்டு அடி உயரத்துக்கு நிற்க வைத்தது. தபால்காரர் போனதும் அந்த ஞாபகம் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

2

முதலில், யார் என்ன வேலை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. இதைச் சொல்லாமல் விட்டதில்தான் எல்லா வினையும் வந்தது.

தேன்மொழி வேதியியல் ஆராய்ச்சி செய்கிறவள். சொந்த ஊர் விக்கிரமங்கலம். அவள் அம்மா, அதாவது என் அத்தை, கொத்தனார்களோடு சித்தாள் வேலைக்குப் போய், கலவைச் சட்டி சுமந்து அவளைப் படிக்க வைத்தார். அரியலூர் பக்கம் பிறந்தவர்களுக்கு சிமெண்ட் வாடை தாய்ப்பாலோடு வருவது. தேன்மொழி அந்த சிமெண்டையே பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்புக்கல்லைக் குறைவாக எரித்து, சுட்ட களிமண்ணைக் கலந்து, அதே அளவு உறுதியான சிமெண்ட் செய்ய முடியுமா என்று எட்டு வருடமாக மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். கல்லை எரிப்பது குறைந்தால் புகை குறையும்.

நான் அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன். பார்சல் கிடங்கில் பெட்டி ஒட்டுகிறேன். மோசமான வேலை இல்லை. எனக்கும் வேதியியலுக்கும் உள்ள உறவு, ப்ளஸ் டூவில் அந்தப் பாடத்தில் பெயிலாகி, மறுபடி எழுதி, மறுபடியும் பெயிலானதோடு முடிந்துவிட்டது.

தேன்மொழிக்கு ஒரு பரிசு கிடைத்தது. வேதியியலில் சாதித்த பெண்களுக்கென்று வருடாவருடம் கொடுப்பது. விழாவில் வெள்ளை முடி வைத்த ஒரு பெண் பேராசிரியர் நெடுநேரம் பேசினார். கூட்டம் இரண்டு இடங்களில் சிரித்தது, ஓரிடத்தில் அமைதியானது. நான் மேசையில் இருந்த சின்னச் சின்ன ரொட்டித் துண்டுகளின் மேல் என்ன தடவியிருக்கிறார்கள் என்ற ஆராய்ச்சியில் இருந்தேன்.

திரும்பி வரும்போது டிராமில், "அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க இளவயசுல கண்டுபிடிச்ச ஒண்ணுக்கு, அவங்க மேலதிகாரி பரிசு வாங்கிட்டாராம். அன்னிக்கு முதல் வரிசையில உக்காந்து கை தட்டுனது நான்தான்னு சொன்னாங்க."

"என்ன அநியாயம் தேனு இது," என்றேன். மனமார, வயிறு எரிந்துதான் சொன்னேன். சொல்லி நான்கு நாள்கூட ஆகவில்லை.

3

உள்ளூர் செய்தித்தாளில் செய்தி வந்தது. "டாக்டர் செல்வராசுவுக்குப் பரிசு" என்று தலைப்பு. படத்தில் பத்துப் பதினைந்து பேர் கும்பலாக நின்றார்கள், யார் யாரென்று தெரியவில்லை. அதை வெட்டி என் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். நல்ல படம் ஒன்று இருக்கட்டும் என்று கைபேசியில் தேடினேன். தேன்மொழியின் ஆய்வுக்கூடத்தைக் குடும்பத்தார் பார்க்க அனுமதித்த நாளில், அவளுடைய வெள்ளைக் கோட்டை நான் போட்டுக்கொண்டு கண்ணாடிக் குடுவையோடு நின்ற படம் கிடைத்தது. நன்றாக விழுந்திருந்தேன். அதையும் போட்டு, "நம்ம குடும்பத்துக்கே பெருமை" என்று எழுதிவிட்டு வேலைக்குப் போனேன்.

குழுவில் இருக்கிற யாருக்கும் ஜெர்மன் தெரியாது. செல்வராசு என்ற எழுத்துகளைப் படித்தார்கள். செல்வராசு கோட்டோடு நின்றான். வேறென்ன வேண்டும்?

செந்துறையில் செல்போன் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா மறுநாளே அரியலூர் போய் ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார். பன்னிரண்டு அடி. நடுவில் நான். பின்னால் ஒரு ராக்கெட் பறக்கிறது. பக்கத்தில் ஒரு சிங்கம் வாயைப் பிளந்து நிற்கிறது. "உலகம் வியக்கும் விஞ்ஞானியே! எங்கள் செந்துறையின் சிங்கமே!" டாக்டர் என்றதும், வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும், ஃப்ளெக்ஸ் போட்ட தம்பி தன் பங்குக்கு என் கழுத்தில் ஒரு ஸ்டெதஸ்கோப்பையும் மாட்டிவிட்டிருந்தார். கீழே வாழ்த்தும் உறவினர்கள் என்று பதினாறு தலைகள். கடைசி வரிசையில், சித்தப்பாவின் மச்சானுக்குப் பக்கத்தில், தபால்தலை அளவில் தேன்மொழி. கல்யாண ஆல்பத்தில் வெட்டிய படம். என் தோளின் ஒரு துண்டும் கூடவே வந்திருந்தது.

உடனே போன் போட்டு மறுத்திருக்க வேண்டும். செய்யவில்லை. முழுதாக மூன்று நாள் அதை அனுபவித்தேன். பள்ளியில் என்னை மரமண்டை என்று கூப்பிட்ட ஒருவன், "மச்சி, ஒன்னையப் பத்தி அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்று செய்தி அனுப்பியிருந்தான். அதைக் கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவே பதினைந்து தடவை படித்தேன். ஒன்றுவிட்ட அக்கா போன் செய்து மூட்டுவலிக்கு மருந்து கேட்டார். சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன்.

அப்போது அத்தையும் கூப்பிட்டார். வழக்கமாக ஊர்க்கதை எல்லாம் சொல்லி அரைமணி நேரம் பேசுகிறவர்.

"பஸ்ஸுல போவயில பாத்தேன் மாப்ள. பெரிய படமா வெச்சிருக்காங்க."

"அது வந்துங்கத்தை..."

"நல்லா இருங்க. எம்மவ எப்புடி இருக்கா?"

"நல்லா இருக்காங்கத்தை."

"இருப்பா இருப்பா," என்று வைத்துவிட்டார். குரலில் ஏதோ முறுக்கு இருந்தது. சீர்செனத்தியில் குறை கண்ட சம்பந்தி மாதிரி பேசினார். எனக்குக் காரணம் விளங்கவில்லை.

நான்காம் நாள் யாரோ தேன்மொழிக்கே அந்தப் படத்தை அனுப்பிவிட்டார்கள். அவள் முதலில் சிங்கத்தைப் பார்த்துச் சிரித்தாள், ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்து மூச்சு முட்டச் சிரித்தாள். பிறகு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய்க் கடைசி வரிசையில் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "மூக்குத்தி நல்லா தெரியுது," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

நிலாவுக்குப் பதினொரு வயது. நடுத்தெருவில் ஒரு வண்டிகூட இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கு எரிந்தால் கடக்க மாட்டாள். நான் கடந்தால் எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் பத்தடி தள்ளி நிற்பாள். அவள் தினமும் காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடியே கேட்டாள். "அப்பா, இது பொய்தானே? நீ எப்போது சரி செய்வாய்?" தமிழைப் பாடப்புத்தகம்போல் பேசுவாள். அந்தத் தமிழில் கேட்டால் குற்றம் இன்னும் கனமாகத் தெரிகிறது.

4

சித்தப்பாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

"அதனால என்னடா? புருசன் பொண்டாட்டியில அவ வேற நீ வேறயா?"

"சித்தப்பா, பரிசு தேன்மொழிக்கு."

"எல்லாம் ஒண்ணுதான்டா. நீ லீவுல வர்றப்ப நம்ம ஊர் பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா இருக்கு. ஹெட்மாஸ்டர் ஒனக்குப் பொன்னாடை போத்துறாரு. நோட்டீஸ் அடிச்சாச்சு. தேன்மொழிய குத்துவிளக்கு ஏத்தப் போட்டிருக்கோம். அதுக்கும் மருவாத குடுத்துருக்கோம்ல?"

நான் இதைச் சொன்னபோது தேன்மொழி, "நல்லதாப் போச்சு, ஏத்திடறேன்," என்றாள். "நீங்க பேசுங்க. சிமெண்டப் பத்தி என்ன பேசுவீங்கன்னு எனக்கும் கேக்கணும்போல இருக்கு."

விழாவன்று மேடையில் அவள் விளக்கேற்றினாள். "விஞ்ஞானியின் துணைவியார் அவர்களுக்கு நன்றி" என்று மைக்கில் சொல்லி, அவளைக் கீழே முன்வரிசையில் நிலாவுக்கும் அத்தைக்கும் நடுவே உட்கார வைத்தார்கள். அத்தை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு ஜரிகைப் பொன்னாடை போர்த்தினார்கள். மாசி வெயில், கழுத்தெல்லாம் அரித்தது. மைக் முன்னால் போய் நின்றேன். பெட்டி ஒட்டுகிறவனுக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்துவிட்டது.

"இந்தப் பரிசு எனக்கு வந்ததில்லைங்க. என் மனைவி தேன்மொழிக்கு வந்தது," என்றேன்.

பலத்த கைதட்டல். தலைமையாசிரியர் எழுந்து, "பார்த்தீர்களா, எவ்வளவு தன்னடக்கம்! தன் வெற்றியை இல்லத்தரசிக்குக் காணிக்கை ஆக்குகிறார்," என்றார். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லைங்க, நெசமாவே அவதான் விஞ்ஞானி. நான் பார்சல் கிடங்குல வேலை செய்யறேன்."

இன்னும் பலத்த கைதட்டல். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது. கடைசி ஆயுதத்தை எடுத்தேன். இதை இதுவரை ஊரில் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

"நான் ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில ரெண்டு தடவ பெயிலுங்க."

பையன்கள் விசிலடித்தார்கள். கடைசி பெஞ்சுக்காரர்கள் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினார்கள். தலைமையாசிரியர் மைக்கையே வாங்கிவிட்டார். "மாணவச் செல்வங்களே, இரண்டு முறை தோற்றவர்தான் இன்று உலகம் வியக்கும் விஞ்ஞானி!" முன்வரிசையில் தேன்மொழி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். நிலா மட்டும் இரண்டு கையையும் விரித்து, என்னதான் நடக்கிறது இந்த நாட்டில் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

5

கேள்வி கேட்கலாம் என்று அறிவித்தார்கள். ஓரமாக நின்ற பிச்சமுத்து கொத்தனார் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அந்த மேடையைக் கட்டியவர் அவர்தான்.

"சார், நீங்க சிமெண்டு விஞ்ஞானின்னு சொல்றாங்க. இந்த மேடை கட்டி ஒரு வருசம் ஆவல, பாளம் பாளமா வெடிச்சிருக்கு. எம் மேல பழி. சிமெண்டுதான் சரியில்லன்னு நான் சொல்றேன், ஹெட்மாஸ்டரு கேக்க மாட்டேங்குறாரு. நீங்களே ஞாயத்தச் சொல்லுங்க."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்," என்றார் தலைமையாசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். கொத்தனார் சிரிக்கவில்லை. அவருக்கு அது பிழைப்பு.

நான் குனிந்து பார்த்தேன். வெடிப்பு இருந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. "வெயில் அதிகம்ல," என்று இழுத்தேன்.

தேன்மொழி சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். எழுந்து மேடை ஓரம் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மண்டி போட்டாள். சாவியால் வெடிப்பைச் சுரண்டி, வந்த தூளை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்தாள்.

"எந்த மாசம் போட்டீங்கண்ணே?"

"மே மாசம்மா."

"எத்தன நாள் தண்ணி காட்டுனீங்க?"

கொத்தனார் தலைமையாசிரியரைப் பார்த்தார். "ரெண்டு நாளு ஊத்துனேன். மூணாம் நாளு மோட்டாரு போயிடுச்சு. அப்பறம் பள்ளிக்கூடம் பூட்டிட்டாங்க."

"அப்ப சிமெண்டு மேலயும் தப்பில்ல, ஒங்க கை மேலயும் தப்பில்ல. சிமெண்டு காயுதுன்னு நாம சொல்றோம், அது காயிறது இல்லண்ணே. தண்ணியக் குடிச்சுக் குடிச்சுத்தான் அது கல்லாவுது. ஒரு வாரமாவது குடிக்கணும், மே மாச வெயில்ல அதுக்கு மேலயும் வேணும். இது பாதியிலயே தாகத்துல நின்னு போச்சு."

கொத்தனார் துண்டை மறுபடி தோளில் போட்டார். "நல்லா கேட்டுக்குங்க சார்," என்று தலைமையாசிரியரிடம் சொன்னார்.

அதற்கப்புறம் விழா கைவிட்டுப் போய்விட்டது. இன்னொரு கொத்தனார் வந்தார். ஆற்று மணல் கிடைக்காத காலத்தில் எதைப் போடுவது என்று ஒருவர் கேட்டார். சித்தாள் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தார்கள். ஒருத்தி கையை நீட்டி, சிமெண்ட் பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்து போகிறதே என்றாள். தேன்மொழி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர் பட்ட சிமெண்டில் தோலைத் தின்கிற காரம் இருக்கிறது என்றும், பட்டவுடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்றும், ரப்பர் உறை வாங்கித் தராத மேஸ்திரியிடம் சண்டை போட்டாவது வாங்க வேண்டும் என்றும் சொன்னாள். ப்ளஸ் டூ படிக்கிற பெண்பிள்ளை ஒருத்தி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அந்தப் பரிசு ஒங்களுக்கா மேடம்?"

"ஆமா," என்றாள் தேன்மொழி. "எனக்குத்தான்."

நான் மூன்று முறை மைக்கில் கத்தியும் ஏறாதது, அவள் மெதுவாகச் சொன்ன ஒரு வார்த்தையில் ஏறிவிட்டது. சித்தப்பா ஓடிப்போய் யாருக்கோ போன் போட்டு, அதே சைஸில் இன்னொரு ஃப்ளெக்ஸ், சிங்கம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேடையில் பொன்னாடையோடு நான் மட்டும் தனியாக நின்றேன். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அத்தை மட்டும் நாற்காலியை விட்டு அசையவே இல்லை. கூட்டம் கலைந்ததும் மகளிடம் வந்து அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"ஏண்டி, அப்ப நீ அங்க சட்டி தூக்கல?"

தேன்மொழிக்குப் புரியவில்லை. "என்ன சட்டிம்மா?"

"என்ன வேலன்னு கேக்குறப்பல்லாம் சிமெண்டு வேல, சிமெண்டு வேலன்னுதான சொன்ன? தலயில தொப்பியப் போட்டுக்கிட்டு, மூஞ்சியெல்லாம் தூசியா போட்டோ வேற அனுப்புன. நம்மூருல எம்மெஸ்ஸி படிச்ச பயலே சிங்கப்பூருல கம்பி கட்டுறான். நீயும் அப்புடித்தான் போலன்னு நெனச்சிட்டேன்." அத்தை என் பக்கம் கையை நீட்டினார். "இவரு கோட்டு மாட்டிக்கிட்டுப் பெரிய விஞ்ஞானியா நிக்கிறாரு, எம்பொண்ண சட்டி தூக்க வுட்டுட்டாரேன்னு எனக்கு வயித்தெரிச்சல். நா ஒருத்திகிட்டயும் மூச்சு வுடலடி. அந்தப் போட்டோவ பொட்டிக்கு அடியில வெச்சிருக்கேன். இவ சொமைய எறக்கி வையின்னு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சிறுவாச்சூரு அம்மன் கோயிலுக்குப் போயி அழுதுட்டு வாரேன்."

"எத்தன வருசமாம்மா?"

"நீ போனதுலேருந்து."

தேன்மொழி அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நா தூக்கலம்மா. ஆராய்ச்சி பண்றேன். உக்காந்துதான் வேல," என்றாள்.

அத்தை அதை உடனே நம்பிவிடவில்லை. மகளின் தலையைத் தன் பக்கம் சாய்த்து, உச்சந்தலையில் முடியை விலக்கி விரலால் தடவித் தடவிப் பார்த்தார். சும்மாடு வைத்து வருடக்கணக்கில் சுமந்தவர்களுக்கு அந்த இடத்தில் முடி தேய்ந்து போயிருக்கும். அத்தைக்குத் தேய்ந்திருந்தது.

"முடியெல்லாம் இருக்கு," என்றார்.